நூல் இறங்கவில்லை

ஆபரேஷன் அறையில் தலை பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும், நான் வேலையை விட்டுப் போவதற்கு முன் ஏதாவது சொல்லும்படி டாக்டர் அய்யா கேட்டார். நான் எழுந்து நின்று பேசக்கூடியவன் அல்ல. நான்கு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும் எழுத வரும். ஆகவே எழுதித் தருகிறேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

நம் வேலை வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. சோறு இறங்காதவர்களை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தோள் விளிம்புக்கு வரும்படி இழுத்து, வெளியே தொங்கும் தலையை நம் கையில் வாங்கிக்கொள்கிறோம். டாக்டர் வாய் வழியாகக் கருவியை இறக்குகிறார். தொண்டைதான் மருந்தால் மரத்திருக்கிறது; ஆள் விழித்திருக்கிறார். தலையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எப்போது தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதை எழுதப்போவதில்லை.

நான் செய்த முதல் பெரிய தப்பு, வாயை மூடிக்கொண்டு இருந்தது. அப்போது வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஒருவர் வந்திருந்தார். கழுத்துக்குச் சற்றுக் கீழே உணவுக்குழாய் சுருங்கி, கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காத நிலை. அந்த நாளில் நம்மிடம் விளக்கு வைத்த குழாய் இல்லை. மெழுகு பூசிய, வளையக்கூடிய கம்பியை டாக்டர் கை உணர்ச்சியை மட்டும் நம்பி உள்ளே விட்டுச் சுருக்கத்தை அகலப்படுத்துவார். அன்றும் அப்படித்தான் செய்தார். நோயாளி சத்தம்கூடப் போடவில்லை.

கம்பி வெளியே வந்த சற்று நேரத்தில், அவர் கழுத்தில் இருந்த என் விரல்களுக்கு அடியில் ஏதோ நறநறத்தது. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். நானும் பத்து வயதிலிருந்து அங்கே தோல் புரட்டியவன். உப்புப் போட்டுக் காய்ந்த தோலை அழுத்தினால் கைக்கு அப்படித்தான் இருக்கும். மனிதக் கழுத்தில் அது இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். படித்தவரிடம் போய் 'கழுத்து நறநறங்குது' என்று சொல்வதா என்று இருந்துவிட்டேன். வார்டில் அவருக்குப் பால் கொடுத்தார்கள். கம்பி குத்திய ஓட்டை வழியாகக் கசிந்த காற்றுதான் கழுத்தில் நறநறத்தது; அதே வழியாக அந்தப் பால் மார்புக்குள் போயிற்று. மூன்றாம் நாள் இறந்தார்.

டாக்டர் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் சொன்னேன்.

"கையில பட்டதை அப்பவே சொல்லு" என்றார். "தப்பா இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்காவது தூங்கியிருப்பேன்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் டாக்டர் நூல் முறையைக் கொண்டுவந்தார். நீங்கள் இப்போது பார்க்கும் பட்டு நூல்தான். நோயாளி மூன்று நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு முழம் நூலை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் நூலின் முனை சுருக்கத்தைத் தாண்டி, வயிற்றையும் தாண்டி, குடலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். நான்காம் நாள் வெளியே இருக்கும் முனையை இழுத்தால் வராது. அப்போது அந்த நூலின் மேல், முனையில் ஓட்டையுள்ள கம்பியைக் கோத்து இறக்கினால், கம்பி வழி தவறாது, சுவரைக் குத்தாது. நூல் இறங்காமல் மேலேயே சுருண்டு கிடந்தால் அந்த நூலே கம்பியைச் சுவருக்குக் கூட்டிப்போய்விடும்.

சோறு இறங்காமல் வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் டாக்டர் ஒரு பெரிய நோட்டில் எழுதி வந்தார். எதனால் அடைத்தது, எத்தனை தடவை கம்பி விட்டோம், நூலோடு விட்டது எப்படி, நூலில்லாமல் விட்டது எப்படி, ஆறு மாதம் கழித்து என்ன சாப்பிடுகிறார் என்றெல்லாம். நூற்கண்டைப் பார்த்து எத்தனை முழம் போயிற்று என்று தினமும் காலையில் சீட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. என் சீட்டு அந்த நோட்டுக்குள் போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்படி இருக்கையில் மேல்விஷாரத்திலிருந்து கரீம் பாய் வந்தார். தோல் ஷாப்பில் தொட்டி வேலை. மயிர் உதிர்க்கக் கரைத்து வைத்திருந்த காரத் தண்ணீரைக் குடிதண்ணீர் என்று ஒரு வாய் குடித்துவிட்டவர். உயிர் பிழைத்தார், ஆனால் வெந்த இடம் ஆறும்போது சுருங்கிவிட்டது. ஒரு வருஷமாகக் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். நாற்பது வயது ஆளின் தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. கூட அவர் மனைவி வந்திருந்தார்.

நூற்கண்டை அவர் கையில் கொடுத்து, எப்போது எவ்வளவு விழுங்க வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பக்கத்துக் கட்டிலில் குடியாத்தத்து நெசவுக்காரர் ஒருவர், காலில் கட்டி அறுத்துப் படுத்திருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க ஊர்ல நூலைத் தறியில போடுவோம். இங்க இன்னாடான்னா வாயில போடுறானுங்க. பாய், நாலாம் நாள் லுங்கியா வந்தா எனக்கு ஒண்ணு குடு."

"கரை போட்டது வேணுமா, போடாததா?" என்று கேட்டார் கரீம் பாய். வார்டே சிரித்தது.

இரண்டாம் நாள் காலையும் மூன்றாம் நாள் காலையும் கண்டைப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது, எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் மதராஸிலிருந்து மூன்று பெரிய டாக்டர்கள் இந்த முறையைப் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் மூன்றாம் நாள் சாயங்காலமே ஒரு தடவை பார்த்துவிட்டு வரும்படி டாக்டர் என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால், காலையில் இருந்தபடியே கண்டு இருந்தது.

"இன்னா பாய், காலையிலேர்ந்து ஒரு முழம்கூடப் போகல போல இருக்கே?"

"போவும் தம்பி. பாங்கு சொல்லட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரம்ஜான் மாதம்.

"மூணு நாளா இப்படித்தானா?"

"பின்னே? நோன்பு வாயில நூலைப் போட்டுத் தண்ணி குடிக்கவா? பாங்கு சொன்னதும் கஞ்சித் தண்ணியோட அன்னிக்குள்ளதை மொத்தமா உள்ள தள்ளிடுவேன். ஒரு முழம் கம்மியா இருந்துச்சா? நீதானே வந்து பாக்கிறே."

"சாப்பாடே இறங்காதவருக்கு நோன்பு எதுக்கு பாய்?"

நூல் முனை அவர் காதில் சுற்றியிருந்தது. அதை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசமா பட்டினி கெடக்கறேன். அது தனிப் பட்டினி தம்பி. வீட்ல எல்லாரும் சாப்பிடுறப்போ நான் எழுந்து வெளிய போய்டுவேன். இந்த ஒரு மாசம்தான் ஊரோட சேந்து பட்டினி இருக்கேன். இதையும் விடச் சொல்றியா?"

ஒரே மூச்சில் தள்ளிய நூல் குவிந்துகொள்ளுமே என்று பயந்தேன்.

"டாக்டர்ட்ட சொல்லிடாதே" என்றார். "தள்ளிப் போட்டுடுவாரு. நாளைக்கு ஒரு நோன்பு போவுது, அதைப் பின்னால வச்சுக்கறேன். பெருநாள் முடிஞ்சு நான் ஷாப்புக்குப் போகலன்னா மேஸ்திரி வேற ஆளை வச்சிடுவாரு. பேஜாராயிடும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூச்சப்படுகிறவன் பேசாமல் இருந்தால் எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது எனக்கும் வசதியாக இருந்தது. இத்தனை முழம் போயிருக்கிறதே, முனை எப்படியும் கீழே போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருட்டியதும் அவர் விழுங்கியதையும் சேர்த்து, கணக்குச் சரி என்று மறுநாள் காலையில் சீட்டு எழுதினேன்.

அன்று ஆபரேஷன் அறையில் எனக்கு எதிரே மூன்று டாக்டர்கள் நின்றார்கள். மூவரும் கோட்டு, கண்ணாடி. நம் டாக்டர் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டே வேலை செய்தார். கரீம் பாய் தலை என் கையில் இருந்தது. வாயை மூடாமலிருக்க மரக்கட்டை வைத்திருந்தது. டாக்டர் நூலை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பிடித்திருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டினார். அவர்களில் ஒருவர் தலையசைத்தார்.

ஆனால் அந்த இழுப்பு என் விரலுக்கு வந்தது. நூல் குடலில் பிடித்திருந்தால் இழுக்கும்போது கழுத்தில் ஒன்றும் தெரியாது. அன்று இழுத்தபோது அவர் கழுத்துக்குள் ஏதோ திரண்டு மேலே எழும்பி, திரும்ப உட்கார்ந்தது. நூல் பந்தாகச் சுருண்டு சுருக்கத்தின் வாயில் சிக்கியிருந்தால்தான் அப்படி இருக்கும். அதனால்தான் அது வரவில்லை.

டாக்டர் கம்பியை நூலில் கோத்துவிட்டார். கம்பியின் முனை கரீம் பாய் பல்லுக்குள் நுழைந்தது.

"அய்யா" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "அய்யா, நூல் இறங்கல."

டாக்டர் கை நின்றது. "என்ன சொன்னே?"

"நூல் மேலயே கெடக்குது அய்யா. நீங்க இழுக்கறப்போ கழுத்துல எழும்புது."

வந்தவர்களில் ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இன்னொருவர் சிரித்தார்.

"நீதானே கணக்குச் சரின்னு சீட்டுக் கொடுத்தே?" என்றார் டாக்டர்.

"கணக்குச் சரிதான் அய்யா. பகல்ல முழுங்கல. நோன்புன்னு, பொழுது போனதும் மொத்தமா முழுங்கியிருக்காரு."

டாக்டர் குனிந்து கரீம் பாயைப் பார்த்தார். "இவன் சொல்றது நிஜமா? நிஜம்னா கையைத் தூக்குங்க."

கரீம் பாய் கையைத் தூக்கவில்லை. விரலை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார். இல்லை என்றார். தலைகீழாகத் தொங்கிய அவர் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு பக்கம் நோயாளியின் வார்த்தை. மறுபக்கம் நாலாம் வகுப்புப் படித்தவனின் விரல். நடுவில் மதராஸிலிருந்து வந்தவர்கள். டாக்டர் கம்பியை வெளியே உருவித் தட்டில் வைத்தார்.

"விளக்குக் குழாயை எடுங்க" என்றார்.

அப்போதுதான் வாங்கியிருந்த குழாய் அது. முனையில் அரிசி அளவு பல்பு எரியும். அதை மெதுவாக இறக்கி ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்தவர் நிமிராமலே, நீண்ட இடுக்கியைக் கேட்டு வாங்கினார். இடுக்கி வெளியே வந்தபோது அதன் வாயில் இலந்தைப்பழம் அளவு நூல் பந்து இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை வாங்கிப் பார்த்தார்கள். சிரித்தவர் அதிக நேரம் பார்த்தார்.

கரீம் பாய் எழுந்து உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. அன்று பிற்பகலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். யார் சொல்லியும் நிற்கவில்லை. வாசலில் அவர் மனைவி மட்டும் என்னிடம் வந்தார்.

"அத்தினி பேர் எதிர்ல அவரைப் பொய்க்காரர் ஆக்கிட்டீங்களேண்ணே" என்றார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, செய்தது சரி என்றார். எனக்கு அது போதவில்லை. ஆள் போய்விட்டார். உள்ளே இருந்த சுருக்கம் அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு மாதம் போனால் கஞ்சித் தண்ணீரும் நின்றுவிடும். கடிதம் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நானே போகிறேன் என்றேன். நான் அப்படிச் சொன்னதில் அவருக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியபோது எல்லாம் மறந்துவிட்டது. கரீம் பாய்தான் திறந்தார். மூன்று நாளில் இன்னும் வற்றியிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை.

"பாய், அந்த நூலோட கம்பியை விட்டிருந்தா குழாய் கிழிஞ்சிருக்கும். முன்னாடி ஒருத்தர் அப்படித்தான் போய்ட்டாரு. அதான் சொன்னேன்."

"அது தட்டுல பாத்தப்பவே புரிஞ்சுபோச்சு" என்றார். "நான் பொய் சொன்னேன். அது என் தப்பு. நான் கேக்கறது வேற. கண்டைக் கையில குடுத்தியே, அன்னிக்கு ஏன் இதைச் சொல்லல?"

"எதை பாய்?"

"மொத்தமா முழுங்கினா சுருண்டுக்கும், உசிருக்கு ஆபத்துன்னு. இத்தினி மணிக்கு இத்தினி முழம்னு சொன்னே. எதுக்குன்னு சொன்னியா? அதே நூலு, அதே முழம், பகல்ல போனா இன்னா ராத்திரி போனா இன்னான்னு நெனச்சேன். நோயாளி நோன்பை விடலாம், அப்புறம் வச்சுக்கலாம்னு எங்க வேதத்துலயே இருக்குது. எனக்குத் தெரியாதா? உசிருக்கு ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். சரி, அன்னிக்குத்தான் சொல்லல. மூணாம் நாள் சாயங்காலம் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டியே, அப்பவாவது சொன்னியா? மேஜையில வாயில கட்டையை வச்சு, நாலு பேரை நிக்க வச்சுத்தான் சொல்லத் தோணிச்சா?"

கரி அள்ளுகிறவர் விஷயத்தில் சொல்லாமலே இருந்தேன். இவர் விஷயத்தில் கடைசி நொடி வரை தள்ளிப்போட்டுச் சொன்னேன். தள்ளிப்போட்டுச் சொல்லும்போது உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் யாருடைய மானத்தையாவது அறுத்துத்தான் காப்பாற்ற முடியும். முதல் நாள் தனியாகச் சொல்லியிருந்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. கூச்சம் என் சுபாவம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அடுத்தவர் உயிரில் நான் எடுத்துக்கொண்ட சௌகரியம் என்று அந்த வாசலில்தான் தெரிந்தது.

"இப்ப சொல்றேன் பாய்" என்றேன்.

சொன்னேன். நூல் எந்த வழியாகப் போகிறது, எங்கே பிடிக்க வேண்டும், ஏன் மெல்லப் போக வேண்டும் என்று, தெரிந்த வரைக்கும், வாசற்படியில் நின்றபடி. கதவுக்குப் பின்னால் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கரீம் பாய் உள்ளே திரும்பி, "மூட்டையைக் கட்டு" என்றார்.

இரண்டாம் தடவை வந்தபோது அவர் நோன்பை விட்டார். மூன்று நாளும் பகலில் முறைப்படி விழுங்கினார். நான்காம் நாள் இழுத்தபோது அவர் கழுத்தில் ஓர் அசைவும் இல்லை. கம்பி நேராகப் போயிற்று. பெருநாள் அன்று எங்கள் வார்டில் உட்கார்ந்து பால் சேமியா குடித்தார், சேமியாவை நசுக்காமல். அவர் மனைவி திரும்பி நின்றுகொண்டார்.

மதராஸில் டாக்டர்கள் கூடிய சபையில் நம் டாக்டர் இந்த நோட்டைப் படித்தபோது, தோற்றுப்போன அந்த நாளையும் மறைக்காமல் படித்தாராம். நோட்டில் அதற்குப் பிறகு ஒரு கட்டம் கூடியது: காரணத்தை நோயாளிக்குச் சொன்னது யார், எப்போது. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டவன் நான். இனி நீங்கள் போடப்போகிறீர்கள். சொல்லாமல் போடாதீர்கள்.

காரம் பட்ட சுருக்கம் ஒரு தடவையில் தீராது. கரீம் பாய் வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறார். மேஜையில் ஏறுவதற்கு முன் நின்றுகொண்டு, "இன்னிக்கு இன்னா பண்ணப்போறீங்க, எதுக்கு?" என்று கேட்பார். அவருக்கு எல்லாம் மனப்பாடம். இருந்தும் நான் முழுவதும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால், "நடுவுல ஒண்ணு போச்சே" என்பார். அறையில் யார் இருந்தாலும், எத்தனை பேர் இருந்தாலும், சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களிடமும் கேட்பார்.

போன மாதமும் வந்தார். வழக்கம்போலச் சொல்லி முடித்துவிட்டு, மேஜைமேல் ஏற்ற அவர் தோளைப் பிடித்தேன். அவர் ஏறவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, கை ஆடுதே."

"ஆமா பாய். கொஞ்ச நாளாவே."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"இல்ல."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

டாக்டர் மறுபக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த நர்ஸுகள் நால்வர் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவரைப் படுக்கவைக்காமல், டாக்டரிடம் நடந்து போனேன்.